கப்பல் நர்ஸின் அப்பா எந்த ஊர்

எங்கள் கப்பலின் பெயரைப் புதிய கப்பல் ஒன்றுக்கு வைக்கப்போகிறார்கள் என்று போன வருஷம் செய்தி வந்தது. எங்கள் கப்பல் என்றால், நான் இருபது வயதில் ரைட்டராக வேலை பார்த்த கப்பல். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு ஆற்றின் பெயர், அவ்வளவு தெரிந்தால் போதும். கடற்படையில் ஒரு கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டாலும் பெயரை விடமாட்டார்கள். கொஞ்ச காலம் சும்மா வைத்திருந்து இன்னொரு கப்பலுக்குச் சூட்டிவிடுவார்கள், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி.

அந்தக் கப்பலில் இருந்தவர்களில் மிச்சமிருக்கும் கிழவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கப் பூக்களுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவில் ஒரு நாள் யோசனை வந்தது. புதுக் கப்பலின் விழாவில் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம், பழைய கப்பலின் வரலாறு அதில் வர வேண்டுமாம். எழுதுவதற்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீதானே ரைட்டர் என்றார்கள்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ரைட்டர் இருப்பார், மலைமேல் காப்பித் தோட்டத்தில் ஒரு ரைட்டர் இருப்பார். கப்பல் ரைட்டரும் அந்த ரகம்தான். யார் சேர்ந்தான், யார் லீவில் போனான், யாருக்கு என்ன தண்டனை, யார் செத்தால் யாருக்குத் தந்தி அடிக்க வேண்டும், எல்லாம் அவன் கையில் இருக்கும். ஒரு மாலுமியின் மொத்த வாழ்க்கையும் நாலைந்து காகிதத்தில் அவன் அலமாரியில் கிடக்கும்.

வரலாறு எழுதுவது சிரமமாக இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கப்பல். உலக யுத்தத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனது. சுதந்திரம் வந்தபின் கொடியை மாற்றிக்கொண்டு நம்மிடம் இருந்தது. வங்கதேச யுத்தத்தின்போது, வயதான காலத்தில், மறுபடி ரோந்துக்குக் கிளம்பியது. அதற்குப் பிறகு பயிற்சிக் கப்பலாகிக் கடைசியில் உடைகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று பக்கத்தில் முடித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் யுத்த நாட்களில் இறந்தவர் பட்டியல் வர வேண்டும். எங்கள் கப்பலில் இறந்தது ஒரே ஒருவர். பெயரை எழுதினேன், வேலை ஸ்டோக்கர், அதாவது பாய்லர் அறை ஆள், என்று எழுதினேன், அடுத்தது ஊர். அங்கே நின்றுவிட்டேன். இரண்டு வாரம் அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை.

அவர் கொல்லிமலைக்காரர், தேவனூர் நாடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நான் மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பக்கம். எங்கள் வயலில் நிமிர்ந்தால் அவர் மலைதான் தெரியும். அதாவது, அந்தக் கப்பலில் இருந்த இருநூறு பேரில் அவர் எந்த ஊர் என்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். ஆவணத்தில் அவர் ஊர் கேரளத்துக் கொல்லம் என்று இருக்கிறது. தாய்மொழி மலையாளம்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். கொல்லிமலை மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளி. பேசுவது தமிழ், வீட்டுக்குள்ளும் தமிழ்தான். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேலம் ஜில்லாவைத் தாண்டிவிட்டால் இது யாருக்கும் தெரியாது. அவர் கப்பலுக்கு வந்த முதல் நாள், நீ யார் என்று மெஸ்ஸில் ஒருவன் கேட்டான். "மலையாளிங்க" என்றார். அவ்வளவுதான், கேரளத்துப் பையன்கள் நாலு பேர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நாட்டில் எவிடே?" என்று ஒருவன் கேட்டான். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறான்.

இவர் தன் மலையில் எந்த நாடு என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, "தேவனூர் நாடுங்க" என்றார்.

அப்படி ஓர் ஊர் கேரளத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குள் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. நான் மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், வெட்கம். மலைக்காரர்கள் பலாவும் வாழையும் சுமந்துகொண்டு சந்தைக்கு வந்தால் எங்கள் ஊரில் பொடிப்பயல்கூட அவர்களை வாடா போடா என்றுதான் கூப்பிடுவான். தண்ணீர் கேட்டால் தனிச் செம்பு. அந்தப் புத்தியோடு வளர்ந்தவன் நான். கப்பலில் ஒரே சட்டை, ஒரே தட்டு. நானும் அந்தப் பக்கம்தான் என்று சொன்னால், என்னையும் மலைக்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அதனால் சேலம் டவுன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படீங்களா" என்றார். அதன் பிறகு அவரிடம் நான் ஆங்கிலம் கலந்துதான் பேசினேன்.

ஆறு மாதம் கழித்து, கரையில் இருந்த ஆபீஸிலிருந்து அவருடைய காகிதம் திரும்பி வந்தது. இனம் மலையாளி என்றும் தாய்மொழி தமிழ் என்றும் இருக்கிறதே, இது பொருந்தவில்லையே, சரிசெய்து அனுப்பு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். பதிலுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். சேலம் ஜில்லா கொல்லிமலையில் மலையாளி என்றொரு மக்கள் உண்டு, அவர்கள் மொழி தமிழ் என்று எழுதியிருந்தால் முடிந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று என் மேலதிகாரி கேட்பார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். நான் பிளேடை எடுத்துத் தமிழ் என்பதைச் சுரண்டினேன். அந்த இடத்தில் மலையாளம் என்று டைப் அடித்தேன். பொருந்திவிட்டது.

ஊரை நான் மாற்றவில்லை. அதைக் கரையில் வேறு ஒரு கிளார்க் செய்திருக்கிறார். மலையாளம் பேசுகிற மலையாளிக்குச் சேலத்தில் என்ன வேலை, கொல்லி என்பது கொல்லமாகத்தான் இருக்கும் என்று திருத்திவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. நான் போட்ட புள்ளியில்தான் அவர் கோலம் போட்டார்.

ஸ்டோக்கருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி முழுகாமல் இருப்பதாகக் கடிதம் வந்த அன்று மெஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார். "பொண்ணு பொறந்தா கப்பல் பேருங்க" என்றார். பையன் பிறந்தால் என்று சீண்டினோம். "அப்பவும் அதே பேருதானுங்க, ஆறு ஆணா பொண்ணான்னு ஆரு பாத்தா?" என்றார். நன்றாகப் பேசுகிற மனிதர். பழகியிருக்கலாம்.

யுத்தத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்தபோது பாய்லர் அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. எதிரி குண்டு ஒன்றும் இல்லை, பழைய குழாய். அரை நாள் உயிரோடு இருந்தார். கரைக்குத் திரும்ப வழியில்லாததால் கடலிலேயே இறக்கினோம். ஆவணத்தில் இருந்த முகவரிக்குக் கரை ஆபீஸிலிருந்து தந்தி போயிற்று. அது கொல்லத்துக்குப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் என் சத்தியத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது என்றும் தெரியும்.

நாலு மாதம் கழித்து அவர் பெயருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. இறந்தவர்களின் தபாலைப் பிரித்துப் பார்ப்பது ரைட்டரின் வேலை. பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது, நீங்கள் சொன்ன பெயரையே வைத்துவிட்டோம், ஏன் கடுதாசி போடவில்லை, என்மேல் கோபமா என்று இருந்தது. மனைவி சொல்ல யாரோ எழுதியது.

மேலதிகாரியிடம் போய், முகவரி தப்பாக இருக்கிறது போல என்றேன். மறுபடி ஒரு தந்தி போயிற்று, இந்த முறை மலைக்கு. ஆவணத்தைத் திருத்தச் சொல்லவில்லை. திருத்த வேண்டுமென்றால் யார் சுரண்டினது என்று பார்ப்பார்கள். அந்த 'போல' என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒளிந்துகொண்டிருந்தேன்.

வேலையை விட்டு வந்து அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊரே வண்டி கட்டி மலை ஏறும். நான் மட்டும் போகமாட்டேன். வளைவுகளில் தலை சுற்றும் என்பேன். "கப்பல்ல பதினஞ்சு வருஷம் ஆடுனவருக்குப் பஸ்ஸுல தலை சுத்துதாக்கும்" என்று என் மனைவி சாகும்வரை கேலி செய்தாள். அவளிடமும் சொன்னதில்லை.

பட்டியலில் ஊர் என்ற இடத்தை நிரப்பாமல் வரலாற்றை அனுப்ப முடியாது. குழுவில் தினமும் நச்சரித்தார்கள். இறந்தவரின் போட்டோ கிடைத்தால் போடலாம், குடும்பம் இருக்கிறதா என்று பார் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கப்பல் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில் ஐம்பது வயதுக்கு மேலான பெண் யாராவது தேவனூர் நாட்டில் இருக்கிறார்களா என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"கப்பல் நர்ஸம்மாங்களா? மலையில அவங்களத் தெரியாத ஆளு உண்டுங்களா? என்னைய வெளிய எடுத்ததே அவங்கதானுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவமுங்க, அவங்களுக்கு இப்ப நேரஞ் சரியில்ல. மலையாளியே இல்லைன்னு ஆரோ மொட்டைப் பெட்டிசன் போட்டுட்டாங்க. அடுத்த வாரம் விசாரணையாமா. வேலை போயிருமுன்னு பேசிக்கறாங்க" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பஸ் அப்போது முப்பதாவது வளைவிலோ என்னவோ இருந்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கியிருந்தால் எதிரில் வரும் பஸ்ஸைப் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பேன். இறங்காததற்கு என் நல்ல குணம் காரணமில்லை. நடு வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறிவிட்டது.

நர்ஸின் வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. கப்பலில் அப்பாவோடு இருந்தவன், கப்பலின் வரலாறு எழுதுகிறேன் என்று சொன்னேன். என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு அப்பாவின் நெற்றியும் அந்த மெதுவான பேச்சும் அப்படியே இருந்தன. உட்காரச் சொல்லி, மிளகு தட்டிப்போட்ட காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவைப் பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அப்பா எப்படீங்க, உசரமா? பாடுவாருன்னு அம்மா சொல்லும், நெசமுங்களா?" என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு தானாகவே ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து நோட்டீஸைக் காட்டினாள்.

"பாருங்க. எங்கப்பாரு கேரளத்துக்காரராமா. மிலிட்டரிக் காயிதமே சொல்லுதாமா. அதனால நானு மலைச்சாதி இல்லியாமா, பொய்ச் சர்ட்டிபிகேட்டு வச்சு வேலைக்கு வந்தேனாமா. முப்பது வருசமா இந்த மலையில பிரசவம் பாக்கறேனுங்க. இந்தக் கையில பொறந்ததெல்லாம் மலையாளி, நானு மட்டும் இல்லியாமா."

"ஆபீஸ்ல ஏதாச்சும் தப்பு நடந்திருக்கும் கண்ணு" என்றேன். கண்ணு என்று வாயில் வந்துவிட்டது. அப்படிக் கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை?

"அப்படித்தானுங்க நானும் சொல்றேன். ஆரு கேக்கறா? வக்கீலு ஒரு வழி சொல்லியிருக்காரு. இருங்க, ஒண்ணு காட்டறேன்."

உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். மடிப்பில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது. அப்பா கடைசியாக எழுதியது என்றாள். கண்ணாடி இல்லாமலே, மனப்பாடமாகப் படித்தாள்.

"பயப்பட வேண்டாம். இந்தக் கப்பலில் நம்ம அடிவாரத்து ஆள் ஒருவர் ரைட்டராக இருக்கிறார். சேலம் என்று சொல்லிக்கொள்கிறார், ஆனால் அவசரத்தில் வாரேன் என்கிறார், ஊடு என்கிறார், எனக்குத் தெரியாதா. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனாலும் நம்ம காகிதமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நம்ம ஆள் அல்லவா."

நம்ம ஆள். ஊர்ச் சந்தையில் வாடா போடா கேட்டு வளர்ந்த மனிதர், பேசப் பிடிக்காமல் ஒதுங்கிய என்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்.

அவள் கடிதத்தை என் கையில் கொடுத்தாள். "அந்த ரைட்டரைக் கண்டுபிடிச்சா போதும்னு வக்கீலு சொல்றாருங்க. நம்ம பக்கத்துக்காரரு, அவருக்குத் தெரியாம இருக்காது. ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா என் தலை தப்பிரும். உங்களுக்கு அவரத் தெரியுங்களா? உசுரோட இருக்காருங்களா?"

செத்துப்போய்விட்டார் என்று சொல்ல நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், வாய்வரை வந்தது.

"நான்தான்" என்றேன்.

முதலில் அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கையெடுத்துக் கும்பிடப் போனாள். நிறுத்தச் சொல்லிவிட்டு, சிவப்பு மையிலிருந்து இன்லண்ட் லெட்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கப்பட்டதையும் சொன்னேன். பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். அவள் தண்ணீர் கொடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு என் கையிலிருந்த கடிதத்தை எடுத்து உறைக்குள் வைத்தாள்.

"எங்கம்மா பத்து வருசத்துக்கு முன்னால செத்துச்சு" என்றாள். "சாகற அன்னிக்கும் பொட்டு வச்சுருந்துச்சு. நாலு மாசங் கழிச்சுத் தந்தி வருது, அப்பறம் வர்ற காயிதத்துலெல்லாம் கொல்லம் கொல்லம்னு இருக்குது. இது வேற ஆரோங்க, கொல்லத்துக்காரன் செத்ததுக்கு நான் ஏன் தாலி அறுக்கணும், எம் புருசன் எங்கியோ இருக்கான், வருவான்னே இருந்துச்சு. ஊரே பைத்தியம்னு சொல்லுச்சு. நானும் சொல்லியிருக்கேன்."

மன்னிப்பு என்ற சொல்லை அந்த வீட்டில் எடுக்கவே கூசியது.

அவள் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். என் பெயர், கப்பலில் என் பதவி, என் நம்பர். இந்த ஸ்டோக்கர் அன்றைய சேலம் ஜில்லா கொல்லிமலை தேவனூர் நாட்டைச் சேர்ந்த மலையாளி, தாய்மொழி தமிழ். அவருடைய ஆவணத்தில் தாய்மொழியை மலையாளம் என்று தவறுதலாக மாற்றியவன் நான். அதிலிருந்துதான் ஊரும் மாறியது. விசாரணைக்கு எங்கே கூப்பிட்டாலும் வருவேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டாள். மருந்துச் சீட்டைப் பார்க்கிற மாதிரி வரிவரியாக விரலை வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள்.

"தவறுதலாகன்னு போட்டிருக்கீங்க" என்றாள். "அத அடிச்சுட்டுத் தெரிஞ்சேன்னு போடுங்க."

அடித்தேன். மேலே தெரிந்தே என்று எழுதினேன். வரிகளுக்கு நடுவில் இடமில்லாமல் எழுத்தின்மேல் எழுத்தாக விழுந்தது.

"வாசிக்க முடியலீங்க" என்றாள். "புதுத்தாள் தாரேன். முதல்லருந்து எழுதுங்க."